மதராசி கேம்பிலிருந்து ஒன்பதாவது நிலையம்

கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் தில்லியில் வந்து நிற்கும் இடம் ஹஜ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையம். அங்கிருந்து மூட்டை முடிச்சுடன் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில்தான் மதராசி கேம்ப் இருந்தது. இருந்தது என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். 2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை காலை புல்டோசர்கள் வந்தன. பாராபுல்லா கால்வாயின் கரையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த தமிழ்க் குடியிருப்பு தரைமட்டமாயிற்று.

கேம்ப் என்றால் ராணுவ முகாம் அல்ல. ஜங்புராவை ஒட்டி, கால்வாய் ஓரமாக நெருக்கியடித்து நின்ற சுமார் 370 வீடுகள். தகரம், செங்கல், ஆஸ்பெஸ்டாஸ், கையில் காசு வந்தபோது ஒரு மாடி. ஆண்கள் கிடைத்த கூலி வேலைக்குப் போனார்கள். பெண்கள் ஜங்புரா, நிஜாமுதீன், டிபன்ஸ் காலனி வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள், சமைத்தார்கள், பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்தார்கள். தில்லிக்காரர்களுக்குத் தெற்கிலிருந்து வந்த எல்லோரும் மதராசிதான். அந்தப் பெயரே குடியிருப்பின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

மழைக்காலத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டு சுற்றுப்புறம் வெள்ளக்காடாகிறது, தூர்வார வழி வேண்டும் என்பது அதிகாரிகள் தரப்பு. தில்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்று, ஜூன் 1 முதல் இடிக்கலாம் என்று 2025 மே மாதம் உத்தரவிட்டது. அப்போதைய கணக்கில் 189 குடும்பங்கள் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை. அவர்களுக்கு நகரின் வடக்கு விளிம்பில், சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடுகள். மற்றவர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஊரில் திரும்பிப் போவதற்கு என்ன இருக்கிறது என்பது பலருடைய கேள்வி.

இந்தக் கட்டுரை இடிப்பைப் பற்றி மட்டுமல்ல. ஒரு சுவரைப் பற்றியும், அதைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றியும்.

எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த அம்மாவின் மகள் அவள். இப்போது பதின்மூன்று வயது. கேம்ப் இருந்த நாளில் அவள் தரையில் நின்று நான் பார்த்தது குறைவு. பட்டம் மாட்டிக்கொண்டால் மின்கம்பத்தில் மட்டும் ஏறமாட்டாள், மற்ற எல்லாவற்றிலும் ஏறுவாள். ‘‘இவளை எந்த மரத்துல வச்சுப் பெத்தேன்னு தெரியல சார்’’ என்பார் அம்மா.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது அவள் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினாள். பதினைந்து மீட்டர் உயரச் சுவர், அதாவது ஏறக்குறைய ஐந்து மாடி. இரண்டு பேர் அடியில் நிற்கிறார்கள். மணி ஒலிக்கிறது. பல்லி ஓடுவதுபோல் ஓடி உச்சியில் ஒரு பலகையை அறைகிறார்கள். வென்றவர் இந்தோனேசியாவின் வெத்ரிக் லியோனார்டோ. நேரம் 4.75 விநாடி. தோற்ற சீன வீரர் வூ பெங்கின் நேரம் 4.77. கண் இமைத்தால் போட்டி முடிந்துவிடும். ‘‘தில்லியில இது எங்க சார் இருக்கு?’’ என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியும். பெனிட்டோ ஜுவாரஸ் சாலையில், இந்திய மலையேற்ற அமைப்பின் வளாகத்தில். ‘‘ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போறேன்’’ என்று சொன்னேன். அப்போது அது அவள் வீட்டிலிருந்து மெட்ரோவில் ஒன்பதாவது நிலையம். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று பத்து மாதம் ஓடியது. பிறகு புல்டோசர் வந்தது. நான் வாக்கைக் காப்பாற்றியபோது அவள் நரேலாவாசி.

அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்கு நிஜாமுதீன் வந்து சேர்ந்தார்கள் தாயும் மகளும். ஜங்புராவில் ஒரு வீட்டை மட்டும் அம்மா இன்னும் விடவில்லை. வாரத்தில் நான்கு நாள் வருகிறார். சம்பளத்தில் பாதி வழியிலேயே போய்விடுகிறது, விட்டால் மீதிப் பாதியும் இல்லை என்பது அவர் கணக்கு.

முதலில் பழைய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நடந்தோம். அருகில் ஜஹாங்கீர் காலத்துப் பாராபுல்லா பாலம் இருக்கிறது. பன்னிரண்டு தூண்கள், அவற்றால் வந்த பெயர்தான் கால்வாய்க்கும். தலைக்கு மேலே இன்னொரு பாராபுல்லா, 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய மேம்பாலச் சாலை. யமுனைக் கரையோர விளையாட்டு கிராமத்திலிருந்து நேரு ஸ்டேடியத்துக்கு வீரர்களைத் தடையின்றிக் கொண்டுபோகக் கால்வாயின் மேலேயே தூண் நட்டு அமைத்தார்கள். சர்வதேச விளையாட்டு ஒன்று மதராசி கேம்பின் பக்கத்தில் வந்தது அந்த ஒரு முறைதான். அதுவும் தலைக்கு மேலே போய்விட்டது.

வீடு இருந்த இடத்தை அம்மா காலால் காட்டினார். ‘‘இதான் அடுப்படி.’’ மகள் அங்கே நிற்கவில்லை. ‘‘நேரமாச்சு, வாங்க’’ என்றாள்.

பிங்க் லைன் மெட்ரோவில் ஆசிரமம், வினோபாபுரி, லாஜ்பத் நகர், சவுத் எக்ஸ்டென்ஷன், ஐ.என்.ஏ., சரோஜினி நகர், பிகாஜி காமா, மோத்திபாக், துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ். எண்ணிப் பார்த்தால் ஒன்பது. மோத்திபாக் நிலையத்துக்கு விஸ்வேஸ்வரய்யா பெயர். அடுத்த நிலையத்துக்கு, சென்னையில் ஆந்திர மகிளா சபாவை நிறுவிய துர்காபாயின் பெயர். தெற்கத்திக்காரர்களுக்குத் தில்லி பெயர்ப் பலகையில் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறது.

மலையேற்ற அமைப்பு பழைய ஸ்தாபனம். 1957-ல் சோ ஓயு சிகரத்துக்கு இந்தியக் குழுவை அனுப்ப அமைத்த கமிட்டியிலிருந்து வளர்ந்தது. 1965-ல் கோலி தலைமையில் ஒன்பது பேரை எவரெஸ்ட் உச்சியில் நிறுத்திய குழுவும், 1984-ல் பச்சேந்திரி பால் ஏறிய குழுவும் இதன் ஏற்பாடுதான். பனிமலை வீரர்களின் கோட்டையான இந்த வளாகத்தில் பிளாஸ்டிக் பிடிகள் பதித்த சுவர்கள் நிற்பது, மலையேற்றம் என்ற பெரிய குடும்பத்தில் பிறந்த கடைசிப் பிள்ளை தனிக்குடித்தனம் போய்விட்ட கதை.

கதை இத்தாலியில் தொடங்குகிறது. 1985-ல் பர்தொனேக்கியா என்ற மலையூரில், நிஜப் பாறையில் போட்டி வைத்தார்கள். அன்றைய சிறந்த பாறை ஏறிகளில் சிலர் இதை எதிர்த்தார்கள். பாறை ஏறுவது இயற்கையோடு மனிதன் வைத்துக்கொள்ளும் உறவு, இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதற்கு என்றார்கள். எதிர்ப்பு எடுபடவில்லை. பார்வையாளர்கள் வந்தார்கள், டெலிவிஷன் வந்தது. பாறையைச் சிதைப்பானேன் என்று போட்டிகள் செயற்கைச் சுவருக்கு மாறின. 1989-ல் உலகக் கோப்பைத் தொடர், 1991-ல் பிராங்பர்ட்டில் முதல் உலக சாம்பியன்ஷிப், 2007-ல் தனி சர்வதேச சம்மேளனம், 2018-ல் ஆசிய விளையாட்டு. 2020-க்குரிய டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தபோது ஒலிம்பிக்கிலும் இடம்.

போட்டி மூன்று வகை. ‘லீட்’ என்பது உயரம். ஆறு நிமிடத்துக்குள் எவ்வளவு மேலே போகிறீர்கள் என்பதே கேள்வி. கயிறு இடுப்பில் இருக்கும், ஆனால் அது விழுந்தால் தாங்கத்தான், ஏற உதவ அல்ல. ‘போல்டரிங்’ என்பது புதிர். சுவர் ஆள் உயரத்தைப்போல் இரண்டரை மடங்குதான். கயிறு இல்லை, கீழே மெத்தை. எந்தக் காலை எங்கே வைத்து எப்படித் திரும்பினால் அடுத்த பிடி எட்டும் என்று மூளையைக் கசக்க வேண்டும். மூன்றாவதுதான் சிறுமி கைபேசியில் பார்த்த ‘ஸ்பீட்’.

முதல் இரண்டிலும் ஒரு விசித்திரமான விதி உண்டு. சுவரில் பிடிகளைப் பதித்துப் பாதை அமைப்பவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுப் பாதை போடுவார்கள். இறுதிச் சுற்றில் வீரர்கள் அதை முன்கூட்டிப் பார்க்கக்கூடாது. தனி அறையில் அடைத்து, கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். லீட் போட்டிக்கு முன் எல்லோரையும் ஒன்றாக அழைத்து வந்து ஆறு நிமிடம் காட்டுவார்கள். எதிரிகள் தோளோடு தோள் நின்று, காற்றில் கையை ஆட்டி ஆட்டிப் பாதையைப் படிப்பார்கள். ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்வதும் உண்டு. அப்புறம் மறுபடி அறை. ஒருவர் ஏறும்போது அடுத்தவருக்கு அவர் எப்படி ஏறினார் என்று தெரியாது, கூட்டத்தின் ஆரவாரம் மட்டும் கேட்கும்.

ஸ்பீடில் இதற்கு நேர் எதிர். இங்கே ரகசியமே கிடையாது. உலகம் முழுவதும் ஒரே சுவர், ஒரே பாதை. 15 மீட்டர் உயரம், ஐந்து டிகிரி முன்னோக்கிய சாய்வு, கைக்கு 20 பிடிகள், காலுக்கு 11. பாரிஸில் எங்கே எந்தப் பிடி இருந்ததோ அதே இடத்தில் அதே பிடி ஜகார்த்தாவிலும் இருக்கும், பெனிட்டோ ஜுவாரஸ் சாலையிலும் இருக்கும். நூறு மீட்டர் ஓட்டப் பாதை எல்லா ஊரிலும் நூறு மீட்டர்தான் என்பதுபோல.

இதில் ஏழை நாடுகளுக்கு ஒரு வாய்ப்பு ஒளிந்திருந்தது. லீடுக்கும் போல்டரிங்குக்கும் விதவிதமான பாதைகளில் பழக வேண்டும். பிடிகள் வாங்கி வாங்கி மாற்ற வேண்டும், அனுபவமுள்ள பாதை அமைப்பாளர்கள் வேண்டும். ஸ்பீடுக்கு ஒரு சுவர் போதும். ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை அதையே ஏறலாம். இந்தோனேசியா இந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது. 2018-ல் சொந்த நாட்டில் நடந்த ஆசிய விளையாட்டில் மத்திய ஜாவாவைச் சேர்ந்த ஆரீஸ் சுசந்தி ரஹாயு தங்கம் வென்றார். மறு ஆண்டு ஏழு விநாடிக்குள் ஏறிய முதல் பெண் ஆனார். 2023-ல் வெத்ரிக் ஐந்து விநாடிக்குள் ஏறிய முதல் மனிதர் ஆனார். பாரிஸில் அவர் வாங்கியது, பாட்மிண்டனுக்கு வெளியே இந்தோனேசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம்.

இந்தியா? 2016 மே மாதம் நவி மும்பையில் போல்டரிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. இந்தியாவில் நடந்த முதல் உலகக் கோப்பை ஏறுதல் போட்டி அது. நடத்தியது கிரிவிஹார் என்ற பழைய மலையேற்றக் கிளப். அதன் ஆட்கள் பேலாப்பூர் பாறைகளில் ஆண்டுதோறும் உள்ளூர்ப் போட்டி நடத்திப் பழகியவர்கள். அந்தப் பருவத்தின் போல்டரிங் பட்டத்தை வென்ற பிரிட்டனின் ஷானா காக்ஸியும், பின்னாளில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஜப்பானின் மிஹோ நோனகாவும் வாஷியின் கண்காட்சி அரங்கில் மே மாதப் புழுக்கத்தில் ஏறினார்கள். வியர்வைதான் இந்த விளையாட்டின் முதல் எதிரி. விரல் நனைந்தால் பிடி வழுக்கும். இடுப்பில் தொங்கும் சிறு பையில் இருக்கும் வெள்ளைப் பொடி, மெக்னீசியம் கார்பனேட், அதற்குத்தான். 2017-லும் அங்கேயே போட்டி நடந்தது. 2018-லும், 2023-ல் ஹாங்சோவிலும் இந்திய அணி ஆசிய விளையாட்டுக்குப் போய் வந்தது. பதக்கம் இல்லை.

ஏறுவது தமிழனுக்குப் புதிதா என்ன? கோகுலாஷ்டமிக்கு எண்ணெய் தடவிய வழுக்குமரத்தில் ஏறுகிறோம். பனையேறிகள் கால் தளையும் நெஞ்சுத் தோலும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாளில் எத்தனை மரம் ஏறி இறங்குகிறார்கள்! விழுப்புரத்துப் பிள்ளைகள் மல்லர் கம்பத்தில் தலைகீழாக நிற்கிறார்கள். தில்லியில் வானளாவும் ஒவ்வொரு கட்டடத்தைச் சுற்றியும் சாரம் கட்டி ஏறுகிறவன் பெரும்பாலும் எங்கிருந்தோ பிழைக்க வந்தவன்தான். வயிற்றுக்காக ஏறுவதற்கு நம்மிடம் குறைவில்லை. விளையாட்டாக ஏறுவதற்குத்தான் இடமும் நேரமும் வேண்டியிருக்கிறது.

வளாகத்தில் அன்று இருபது பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். கார்களில் வந்து இறங்கியவர்கள் சிலர், மெட்ரோவில் வந்தவர்கள் சிலர். காலைக் கவ்விப் பிடிக்கும் இறுக்கமான ரப்பர் காலணிகள், இடுப்பில் வார்ப்பட்டை. கேம்ப் சிறுமி நேராக ஸ்பீட் சுவரின் அடிக்குப் போனாள். அண்ணாந்து பார்த்தாள். கைபேசியில் கட்டை விரல் அளவு இருந்தது இப்போது கழுத்து வலிக்கும் உயரத்தில் நின்றது. விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். ‘‘முப்பத்தொண்ணு’’ என்றாள். சரிதான்.

ஒரு பையன் ஏறினான். ஒன்பது விநாடி இருக்கும். கயிற்றில் மெல்ல இறங்கி வந்தான். ‘‘நாலாவது பிடிய விட்டுட்டுத் தாவறான் சார், பார்த்தீங்களா?’’ என்றாள் அவள். நான் பார்க்கவில்லை. அவள் சொன்ன பிறகு அடுத்தவள் ஏறும்போது பார்த்தேன். அவளும் அங்கே தாவினாள். பத்து மாதமாக அந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் புரிந்தது.

அன்று பார்க்கத்தான் முடிந்தது. பயிற்சியில் சேருவதற்கு என்ன வேண்டும் என்று விசாரித்தோம். படிவம், பெற்றோர் கையெழுத்து, காலணி. இவற்றில் எதுவும் நடக்காத காரியம் அல்ல. அம்மா கேட்ட கேள்வி வேறு. ‘‘வாரத்துக்கு எத்தன நாள் வரணும்?’’ இரண்டு மூன்று நாளாவது வந்தால்தான் உடம்பு பழகும் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெற்றோர் சொன்னார்.

அங்கிருந்து ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு ஆட்டோவில் போனோம். தில்லித் தமிழர்களுக்கு ஏற்றம் என்றால் அதுதான். சிறு குன்றின் மேல் 1973-ல் குடமுழுக்கு கண்ட சுவாமிநாதர் கோயில். படிகளை அவள் இரண்டிரண்டாகத் தாண்டினாள். மேலே நின்றபோது அம்மா மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

கேம்பில் இருந்தபோது மகள் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கழகம் 1923-ல் தொடங்கியது. தலைநகரில் ஏழு பள்ளிகள், தமிழ் படிக்கலாம். மோத்திபாக்கிலும் ஆர்.கே.புரத்திலும் உள்ளவை ஏறு சுவருக்கு எட்டும் தூரம். நரேலாவில் ஒன்றும் இல்லை. தினமும் நான்கு மணி நேரம் பேருந்தில் போகவர வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுப் பக்கத்தில் இந்திப் பள்ளியில் சேர்க்க வேண்டும். நரேலாவில் பள்ளிச் சேர்க்கையைக் கவனிக்கும்படி நீதிமன்றம் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் தமிழ்ப் பள்ளியை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது.

‘‘சுவர் ஏறறதுக்கு அப்புறம் பாக்கலாம் சார். முதல்ல தமிழ் விட்டுப் போகாம இருக்கணும்’’ என்றார். சற்றுப் பொறுத்து, ‘‘அவங்க அப்பா சொல்றாரு, ரெண்டும் வேணாம், பக்கத்துல எங்கயாவது போடுன்னு. நான் இன்னும் ஒத்துக்கல’’ என்றார்.

எனக்குப் பதில் தோன்றவில்லை. கேம்ப் இருந்த காலத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு கடினமாக இருந்திருக்காது. காலையில் பள்ளி, மாலையில் ஒன்பது நிலையம், இருட்டுவதற்குள் வீடு. அப்போது நான்தான் ‘அடுத்த ஞாயிறு’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டை இடித்தது நான் அல்ல. ஆனால் அந்தப் பத்து மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது.

குடிசை மாற்றுத் திட்டங்களில் சதுர அடிக்குக் கணக்கு உண்டு. கழிப்பறைக்கு, மின்சாரத்துக்கு, தண்ணீருக்குக் கணக்கு உண்டு. அவை எல்லாம் வேண்டியவைதான். கால்வாய் ஓரத்து நாற்றத்தை யாரும் காதலிக்கவில்லை. ஆனால் நகரத்தின் நடுவில் இருப்பதால் ஏழைக்குக் கிடைக்கும் ஒரே சொத்து தூரம் இல்லாமை. வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி, கோயில், ஒரு சிறுமியின் கண்ணில் பட்ட விளையாட்டுச் சுவர் எல்லாம் நடந்தோ, பத்து இருபது ரூபாயிலோ எட்டிவிடும். நரேலாவில் கிடைக்கும் சாவியோடு அந்தச் சொத்து பறிபோகிறது. அதற்கு யாரும் ஈடு நிர்ணயிப்பதில்லை.

2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஏறுதலின் மூன்று வகைக்கும் தனித்தனிப் பதக்கம். மாற்றுத் திறனாளிகளுக்கான போட்டியிலும் இது முதல் முறையாகச் சேர்கிறது. அதற்குள் இந்தியாவில் இன்னும் பல சுவர்கள் எழும்பக்கூடும். ஒன்று நரேலா பக்கமும் எழும்பினால் நல்லது. எழும்பும் என்று சொல்ல எந்தக் காரணமும் கையில் இல்லை.

மாலை நான்கு மணிக்கு அவர்களை மறுபடி மெட்ரோவில் ஏற்றிவிட்டேன். ஆசாத்பூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வீடு சேர ஏழாகும். நடைமேடையில் சிறுமி தரையில் சாக்குக்கட்டித் துண்டால் புள்ளிகள் வைத்துக்கொண்டிருந்தாள். கோலம் என்று நினைத்தேன். பார்த்தால் ஸ்பீட் சுவர். முப்பத்தொன்றில் பதினெட்டு சரியாக வந்திருப்பதாகவும், மீதியை அடுத்த முறை பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்றும் சொன்னாள்.

‘‘அடுத்த முறை எப்ப சார்?’’

இந்த முறை தேதியைச் சொன்னேன். அம்மா கைபேசியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.